எக்ஸை விடச் சின்னது

பாப்பா டீச்சரிடம் படிக்க வந்தவர்கள் எல்லாரும் டீச்சரை விட மூத்தவர்கள்.

டீச்சரின் பெயர் தமயந்தி. சின்ன உருவம். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண். பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய பெண்களுக்கு, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதற்காக ஊர்ச் சமுதாயக்கூடத்தின் பந்தி அறையில் மத்தியானம் பாடம் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் நடக்கிற நாளில் வகுப்பு கிடையாது. மறுநாள் வந்தால் அறை முழுக்க ரசத்து வாசனை இருக்கும். அந்த வாசனைக்குள்ளே உட்கார்ந்துதான் கணக்குப் போடுவார்கள்.

முதல் நாளே அவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. இவ்வளவு சின்னப் பெண்ணை என்னவென்று கூப்பிடுவது?

"சொல்லிக் குடுக்க வந்துட்டா வயசு பார்க்கக் கூடாது. டீச்சர்னே கூப்பிடுவோம்" என்றாள் ஒருத்தி.

"எனக்கு வாய் வராதுப்பா. பாப்பான்னுதான் வரும்" என்றாள் மாரீஸ்வரி.

இரண்டையும் சேர்த்துப் பாப்பா டீச்சர் ஆக்கிவிட்டார்கள். டீச்சருக்குக் கோபமில்லை. அவர் எல்லாரையும் அக்கா என்றே கூப்பிட்டார்.

பேச்சியம்மாள் கடைசியில் சுவரை ஒட்டி உட்காருவாள். மடியில் மகள் வேணி இருப்பாள். வேணி தூங்கினால் எழுதுவாள். முழித்துக்கொண்டால் காலை ஆட்டிக்கொண்டே எழுதுவாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள்.

"பேருதான் பேச்சி. பேச்சைக் காணோம்" என்பாள் மாரீஸ்வரி.

பேச்சியம்மாளுக்கு இந்தப் பரீட்சை தேறியாக வேண்டும். டவுனில் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பரீட்சை தேறியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார்கள். அங்கே வேணியையும் கூட்டிக்கொண்டு போகலாம். தேறாவிட்டால் பழையபடி நூல் மில்லுக்குப் போக வேண்டியதுதான். மில் விடுதியில் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. வேணியை மாமியாரிடம் விட்டுவிட்டு, எப்போதாவது லீவு கிடைத்தால் வந்து பார்க்கலாம். முன்பு ஒரு தடவை அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, வேணி அவளைப் பார்த்து யாரோ என்று அழுதாள்.

அதனால் பேச்சியம்மாள் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை.

சமன்பாடு வரைக்கும் எல்லாரும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டார்கள். அதற்கு அடுத்தது அசமன்பாடு.

"இதுல ரெண்டு பக்கமும் சமமா இருக்காது. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. நடுவுல ஒரு குறி வரும்" என்றார் டீச்சர். கரும்பலகையில் இரண்டு குறிகளைப் போட்டார். "கூர் வலது பக்கம் இருந்தா அது பேரு பெரிது. இடது பக்கம் இருந்தா அது பேரு சிறிது."

எல்லாரும் அந்தப் பேர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்ன மாதிரியே எக்ஸைத் தனியா நிறுத்துங்க. நிறுத்திட்டு, அந்த எக்ஸ் என்னென்ன எண்ணா இருக்கலாம்னு ஒரு மூணு எண்ணைச் சிலேட்டுல எழுதிக் காட்டுங்க."

x + 4 < 9 என்று எழுதினார்.

பெரும்பாலானவர்கள் நான்கு, மூன்று, இரண்டு என்று எழுதிக் காட்டினார்கள். பேச்சியம்மாள் ஆறு, ஏழு, எட்டு என்று எழுதியிருந்தாள்.

"ஆறோட நாலைக் கூட்டினா பத்து. பத்து ஒன்பதை விடச் சின்னதா அக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

பேச்சியம்மாள் தலையைக் குனிந்து சிலேட்டை எச்சில் விரலால் அழித்தாள்.

அடுத்து நாலு படி இறங்கிப் போகிற கணக்கு ஒன்று போட்டார். 7 − 2x < 1. இதில் மைனஸ் உண்டு. கடைசியில் மைனஸால் வகுக்க வேண்டும். அப்படி வகுக்கும்போது குறியைத் திருப்பிப் போட வேண்டும். டீச்சர் அதைச் சொல்லியும் கொடுத்திருந்தார். ஆனால் எல்லாருமே மறந்துபோனார்கள். எல்லாருக்கும் தப்பு.

பேச்சியம்மாள் சிலேட்டைப் பாதி மறைத்துக்கொண்டு காட்டினாள். நான்கு, ஐந்து, ஆறு.

சரி.

"எப்படிப் போட்டீங்க அக்கா? காட்டுங்க."

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. போட்ட வழியை எல்லாம் வெட்கப்பட்டு முன்னாலேயே அழித்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. சுலபமான கணக்கு அத்தனையும் தப்பு. மைனஸ் வந்து எல்லாரும் வழுக்கி விழுகிற கணக்கு அத்தனையும் சரி.

"அதெப்படிம்மா?" என்றாள் மாரீஸ்வரி. "குட்டிச் சுவரு ஏறத் தெரியல, பனைமரம் ஏறிட்டு வாராளே. புஸ்தகத்துக் கடைசியில விடை இருக்குல்லா, அதைப் பார்த்துட்டு வாராளோ என்னமோ."

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் வேணியின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் புத்தகத்தைத் தொடாமல் தன் மனசிலிருந்தே கணக்குச் சொன்னார். பேச்சியம்மாளை முன்னால் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார்.

ஏன் உட்கார வைத்தார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பேச்சியம்மாளுக்கும் தெரிந்தது.

சுலபமானது தப்பாகவே வந்தது. கஷ்டமானது சரியாகவே வந்தது.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "பழைய இடத்துக்கே போங்க அக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

பேச்சியம்மாள் பழைய இடத்துக்குப் போகவில்லை. வேணியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"நாளையிலருந்து வரல டீச்சர்."

"ஏன்க்கா?"

"மண்டையில ஏறல."

"பாதி சரியா வருதே."

"அதான் டீச்சர் பயமா இருக்கு. தப்பா வந்தா தெரியலைன்னு விட்டுரலாம். எது சரியா வருது, ஏன் சரியா வருதுன்னு தெரிய மாட்டேங்குது." அவள் அவ்வளவு நீளமாக அங்கே பேசியதே இல்லை. மூச்சு வாங்கியது. "எனக்குப் புரியுதா, புரியலையா டீச்சர்?"

டீச்சர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். கரும்பலகையில் எழுதினார்.

வேணி < பேச்சி

"இதைப் படிங்க அக்கா."

பேச்சியம்மாள் மனசுக்குள் படித்தாள்.

"வாய் விட்டுப் படிங்க."

"எல்லாரும் இருக்காங்க டீச்சர்."

"வேணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி படிங்க. போதும்."

பேச்சியம்மாள் மகளின் காதோரம் குனிந்தாள். வலது கை விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவதுபோல் அசைந்தது.

"வேணியை விடச் சிறிது... பேச்சி."

மாரீஸ்வரிக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஏ அம்மாடி! அப்ப உன் மகதான் உன்னைப் பெத்தாளா? இத்தனை நாளா சொல்லவே இல்ல!"

பந்தி அறையே சிரித்தது. பேச்சியம்மாளுக்குமே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து வேணி கைதட்டினாள்.

டீச்சர் மட்டும் சிலை மாதிரி நின்றார்.

"இன்னொரு தடவை படிங்க அக்கா."

"வேணியை விடச் சிறிது பேச்சி. தப்புதான் டீச்சர். நான் எப்படி வேணியை விடச் சின்னவளா இருப்பேன்."

"எத்தனை நாளா இப்படிப் படிக்கிறீங்க?"

"நீங்க அந்தக் குறியைச் சொல்லித் தந்த நாள்லருந்து. முதல்ல வேணி இருக்கு. அப்புறம் சிறிதுன்னு குறி இருக்கு. அப்புறம் பேச்சி இருக்கு. எழுதியிருக்கிற வரிசையில சொன்னா அப்படித்தான வருது?"

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே, "மாரீஸ்வரி அக்கா, இந்த ரெண்டு பேர்ல யார் சின்னவங்கன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

"இதென்ன கேள்வி? பேச்சியை விட வேணி சின்னவ."

"முதல்ல யார் பேரைச் சொன்னீங்க?"

"பேச்சி பேரை."

"பலகையில முதல்ல யார் பேர் இருக்கு?"

மாரீஸ்வரி கரும்பலகையைப் பார்த்தாள். "வேணி பேரு" என்றாள்.

"குறிக்குப் பேர் சொல்லித் தந்தேன்" என்றார் டீச்சர். "அதை நம்ம பேச்சுல எப்படிப் படிக்கணும்னு சொல்லித் தரவே இல்ல. நீங்கல்லாம் என் வாயைப் பார்த்து, ஒரு குத்துமதிப்பாப் பிடிச்சுக்கிட்டீங்க. பேச்சி அக்கா நான் சொன்னதை அப்படியே கேட்டாங்க."

எழுந்து கரும்பலகைக்குப் போனார். வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்கருந்து கிளம்புங்க. இங்க இருக்கிறதுக்குத்தான் 'விட'. பேச்சியை விட. அப்புறம் அந்தப் பக்கம் போங்க. வேணி. கடைசியா நடுவுக்கு வாங்க. சிறிது."

"பேச்சியை விட வேணி சிறிது" என்றாள் பேச்சியம்மாள்.

"ம்" என்றாள் வேணி.

அன்றைக்குப் பேச்சியம்மாள் சிலேட்டில் சுலபமான கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. வலது பக்கத்திலிருந்து கிளம்பி, முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் வேணியிடம் தந்திக் கம்பத்தையும் வேப்பமரத்தையும் காட்டி, எதை விட எது பெரிது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் அழுதுகொண்டு வந்தாள்.

"மைனஸ் கணக்கு எல்லாம் தப்பாப் போச்சு டீச்சர். நேத்து வரைக்கும் சரியா வந்துச்சே. அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. ஏன் கெடுத்தீங்க?"

"போட்டுக் காட்டுங்க அக்கா. இந்தத் தடவை எதையும் அழிக்காதீங்க."

அவள் போட்டாள். 7 − 2x < 1. இரண்டு பக்கமும் ஏழைக் கழித்தாள். −2x < −6. இரண்டு பக்கமும் மைனஸ் இரண்டால் வகுத்தாள். x < 3.

குறி திரும்பவில்லை.

"இதை நேத்து வரைக்கும் எப்படிப் படிச்சிருப்பீங்க?"

"எக்ஸை விடச் சின்னது மூணு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அப்ப எக்ஸ் மூணை விடப் பெரிசு. நாலு, அஞ்சு, ஆறு."

"அதுதான் சரியான விடை."

"குறியைத் திருப்ப மறந்தது ஒரு தப்பு. மாத்திப் படிச்சது ஒரு தப்பு." பேச்சியம்மாள் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணோட தோள்ல ஒண்ணு கை போட்டு நடந்திருக்கு" என்றார் டீச்சர். "ஒண்ணை நான் விலக்கி விட்டேன். மத்தது விழுந்திருச்சு."

"விலக்காமலே இருந்திருக்கலாமே டீச்சர். அது பாட்டுக்கு நடந்திருக்குமே."

டீச்சர் சிலேட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னார். பந்தி மேசைகளுக்கு நடுவில் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையாக நிற்கச் சொன்னார்.

"சாப்பாடு உண்டா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே மாரீஸ்வரி முதல் ஆளாகப் போய் நின்றாள். அவள் எந்தப் பந்தியிலும் முதல் ஆள்தான். பேச்சியம்மாள் வேணியைத் தூக்கிக்கொண்டு கடைசியில் வாசலோரம் நின்றாள். அவள் எந்தப் பந்தியிலும் கடைசிதான்.

"யார் முன்னால நிக்கிறது?"

"நான்" என்றாள் மாரீஸ்வரி.

"எல்லாருக்கும் பின்னால?"

"பேச்சி. வேற யாரு."

"எல்லாரும் நின்ன இடத்துலயே பின்பக்கமாத் திரும்புங்க."

சேலைகள் சரசரத்தன. எல்லாரும் திரும்பினார்கள்.

பேச்சியம்மாளுக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. திறந்த கதவும், வெளியே வெயிலும்தான் இருந்தன. வெயில் கண்ணில் பட்டு வேணி முகத்தைச் சுளித்தாள்.

"இப்ப யார் முன்னால?"

வரிசையின் கடைசியிலிருந்து மாரீஸ்வரியின் குரல் வந்தது. "இது என்ன டீச்சர் அநியாயமா இருக்கு? நான் ஓரடி நகரல."

"யாருமே நகரலக்கா. திரும்பி நின்னீங்க, அவ்வளவுதான்." டீச்சர் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, நடுவில் பூஜ்யம் போட்டார். ஒரு பக்கம் இரண்டும் ஐந்தும். அந்தப் பக்கம் மைனஸ் இரண்டும் மைனஸ் ஐந்தும். "ரெண்டை விட அஞ்சு பெரிசு. மைனஸால பெருக்கினாலோ வகுத்தாலோ எல்லா எண்ணும் உங்களை மாதிரி திரும்பி நிக்கும். மைனஸ் ரெண்டை விட மைனஸ் அஞ்சு?"

"சின்னது" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"எல்லாரும் திரும்பின பிறகு குறி மட்டும் பழைய பக்கமே பார்த்துக்கிட்டு நின்னா?"



"பொய் சொல்லும்" என்றாள் பேச்சியம்மாள்.

அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். மாரீஸ்வரி வரிசையை விட்டு எட்டிப் பார்த்து, "யாரு, பேச்சியா பேசினது?" என்றாள்.

பேச்சியம்மாள் வேணியை மாரீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனாள். சிலேட்டில் கடைசி வரியை மட்டும் அழித்தாள். மைனஸ் இரண்டால் வகுத்தாள். குறியைத் திருப்பினாள். x > 3. வலது பக்கத்தில் விரலை வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

"மூணை விட எக்ஸ் பெரிது."

கீழே எழுதினாள். நான்கு, ஐந்து, ஆறு.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதேதான டீச்சர் முன்னாடியும் எழுதினேன்."

"இதேதான்."

"அதே நாலு, அஞ்சு, ஆறு."

"ஆமா. இப்பப் பயமா இருக்கா?"

பேச்சியம்மாள் கடைசி வரியை இன்னொரு தடவை விரலால் தொட்டுக்கொண்டு போனாள்.

"இல்ல டீச்சர்."

அதற்குப் பிறகு அவள் எந்தக் கணக்கையும் வாய்க்குள் முணுமுணுக்காமல் போடவில்லை. கேள்வியையும் அப்படித்தான் படித்தாள். எங்கிருந்து கிளம்பிப் படிக்க வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவாள். டீச்சரும் மாறிப்போனார். எந்தப் புதுக் குறி வந்தாலும், முதலில் ஒவ்வொருவரையும் வாய் விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அடுத்த வரி எழுதினார். பாடம் ஆமை மாதிரி நகர்ந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பரீட்சை வந்தது. போனது.

முடிவு வந்த அன்று பேச்சியம்மாள் குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு பந்தி அறைக்கு வந்தாள். வேணி பக்கத்தில் நடந்து வந்தாள். கையில் ஒரு தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு எலுமிச்சம்பழம்.

"பாஸ் டீச்சர்."

"தெரியும்க்கா. காலையிலேயே பார்த்துட்டேன்."

"நானும்தான் பாஸு. என்னையும் யாராவது கேளுங்க" என்றாள் மாரீஸ்வரி.

"மில் வேன் காலையில வீட்டு வாசலுக்கு வந்துச்சு டீச்சர்" என்றாள் பேச்சியம்மாள். "நான் தேற மாட்டேன்னு மாமியார் பையெல்லாம் கட்டி வச்சிருந்தாங்க. நான் வரலைன்னு சொல்லிட்டேன். நானேதான் சொன்னேன். டிரைவருக்குக் கேட்கலைன்னு ரெண்டாந்தடவையும் சத்தமாச் சொன்னேன். திங்கக்கிழமை காப்பகத்துல சேரச் சொல்லியிருக்காங்க. இவளுக்கு அங்கயே பாய் போட்டுத் தருவாங்களாம்."

தட்டை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சட்டென்று டீச்சரின் காலைத் தொடக் குனிந்தாள்.

டீச்சர் துள்ளிப் பின்னால் போனார். "அக்கா! என்ன இது? நான் உங்களை விடச் சின்னவ."

"யாரை விட யாரு?" என்றாள் மாரீஸ்வரி. "போர்டுல எழுதிக் காட்டுங்க டீச்சர். எனக்கு இப்பல்லாம் எழுதினாத்தான் விளங்குது."

டீச்சர் பேச்சியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேரும் அப்படியே தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வேணி தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரிக்கத் தெரியாமல் பிசைந்தாள்.

"நம்ம கணக்கு எத்தனை மார்க்குக்கு வந்துச்சுக்கா?"

"எந்தக் கணக்கு டீச்சர்?"

"அசமன்பாடு."

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அது வரவே இல்ல டீச்சர்."

"ஒண்ணுகூடவா?"

"ஒரு மார்க்குக்குக்கூட வரல. கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மத்ததெல்லாம் நிதானமா வாசிச்சுப் போட்டுட்டேன். ஆனா அது வரல."

"அடப் பாவமே!" என்று மாரீஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதுக்கா பேச்சி உன்னை அழ வச்சு, எங்களைப் பட்டாளத்துக்காரங்க மாதிரி திரும்ப வச்சு, பெத்த மகளைத் தாயாக்கி!"

எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

பேச்சியம்மாள் டீச்சரின் கையை இன்னும் விடவில்லை.

"எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு டீச்சர். எனக்காக எவ்வளவு பாடுபட்டீங்க. கேள்வியே வரலையே."

"வந்துச்சுக்கா" என்றார் டீச்சர். "எனக்கு வந்துச்சு. நீங்க வேணி காதுல படிச்ச அன்னைக்கு."